பெயரறியாக் கலைஞன் என்னும் பொய்

மரபுவழிக் கலைஞன் தன் பெயரை நாடுவதில்லை. அவன் படைப்பு அவனது சமூகத்தின் பொதுச்சொத்து. ஆதலின் அதனை ஆக்கியவன் யாரென ஆராய்வது வேண்டாத வேலை. தொல்குடி மக்களின் கலைப்பொருள்களைச் சேகரிப்போரும் நூதனசாலைகளிற் காட்சிக்கு வைப்போரும் நெடுங்காலமாக இவ்வாறு வாதித்து வந்துள்ளனர். கேட்பதற்கு இது கலைஞனின் தன்னலமின்மையைப் போற்றும் கூற்றாகவே தோன்றும். ஆயின் அவுஸ்திரேலிய ஆதிக்குடி ஓவியர் ஒருவரின் மரப்பட்டை ஓவியத்துக்கு நேர்ந்த கதியை நோக்குமிடத்து, இப்போற்றுதலின் பின்னே மறைந்து நிற்கும் நலன் யாருடையது என்பது தெளிவாகும்.

அவ்வோவியர் டேவிட் மலங்கி. வட அவுஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லாண்ட் பிரதேசத்து யொல்ங்கு மக்களுள் மன்ஹார்ங்கு குலத்தைச் சேர்ந்தவர். அப்பிரதேசத்து ஓவியர் யூக்கலிப்ரஸ் மரத்தின் பட்டையை மழைக்காலத்தில் உரித்து, தீயில் வாட்டி, பாரமேற்றித் தட்டையாக்கி, அதன்மீது காவிமண், வெண்களி, கரி ஆகியவற்றால் வரைவர். மலங்கி தீட்டியது குர்மிரிங்கு என்னும் ஆதி வேட்டுவனின் ஈமச்சடங்கு. பாம்பு தீண்டி இறந்த அம்மூதாதைக்குச் செய்யப்பட்ட சடங்கே அக்குலத்தாரின் ஈமச்சடங்குகளுக்கெல்லாம் மூலமெனக் கொள்ளப்படுகின்றது. அக்கதையைத் தீட்டும் உரிமை பிறப்பாலும் பயிற்சியாலும் சடங்காலும் வருவது, விரும்பியவரெல்லாம் எடுத்தாளத்தக்கதன்று.

1963 இல் கரெல் குப்கா என்னும் சேகரிப்பாளர் இவ்வோவியத்தைப் பெற்றுப் பாரிஸ் நகரின் ஆபிரிக்க, ஓசியானியக் கலை நூதனசாலைக்குச் சேர்ப்பித்தார். அதன் நிழற்படம் அவுஸ்திரேலிய மத்திய வங்கியின் கைக்குச் சென்றது. 1966 பெப்ரவரியில் அந்நாடு தசம நாணய முறைக்கு மாறியபோது வெளியிடப்பட்ட ஒரு டொலர் தாளின் பின்புறத்தில் மலங்கியின் ஈமச்சடங்குக் காட்சி அச்சாயிற்று. ஓவியரிடம் அனுமதி கேட்கப்படவில்லை, அவருக்கு அறிவிக்கப்படவுமில்லை. என்றோ இறந்துபோன, பெயரறியாத ஆதிக்குடிக் கலைஞன் ஒருவனின் படைப்பு அஃது என வங்கியார் கருதியிருந்தனர். ஆனால் மலங்கி அப்போது ஏறத்தாழ நாற்பது வயதினர். தம் மண்ணில் உயிரோடிருந்து தொடர்ந்து தீட்டிக்கொண்டிருந்தவர்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்பெயர் அறிய முடியாததாக இருக்கவில்லை. அறியவேண்டுமென்ற எண்ணமே எழவில்லை. வாழும் ஐரோப்பிய ஓவியர் ஒருவரின் சித்திரத்தைத் தாளில் அச்சிட விழைந்திருப்பின், இது யாருடையது என்பதே முதல் வினாவாக இருந்திருக்கும். ஆதிக்குடியினரின் படைப்பாதலின் அவ்வினா எவர் மனத்திலும் உதிக்கவில்லை. அதே 1966 இல், நாட்டின் மக்கட்டொகையைக் கணக்கிடுங்கால் ஆதிக்குடிகளைச் சேர்க்கலாகாதென அவுஸ்திரேலிய அரசியலமைப்பின் 127 ஆம் பிரிவு விதித்திருந்தது. 1967 மே மாதத்து மக்கள் தீர்ப்பின் பின்னரே அப்பிரிவு நீக்கப்பட்டது. ஓவியம் அச்சான தாளை நாடு முழுவதும் எண்ணி எண்ணிக் கைமாற்றிற்று. ஓவியரை மட்டும் எண்ணவில்லை.

உண்மை வெளிப்பட்டபின் வங்கியின் ஆளுநர் கூம்ப்ஸ் 1000 டொலரும் மீன்பிடி உபகரணங்களும் வெள்ளிப் பதக்கமும் மலங்கிக்கு வழங்கச் செய்தார். கூம்ப்ஸ் பிற்காலத்தில் ஆதிக்குடிகளின் உரிமைக்காக உழைத்தவர். அவர் நல்லெண்ணம் ஐயத்துக்குரியதன்று. ஆயினும் இதனாற் கணக்குத் தீர்ந்ததென்போர் கொடையையும் உரிமையையும் ஒன்றெனக் கொள்கின்றனர். எடுத்தபின் கொடுப்பது கொடை. எடுக்குமுன் கேட்பதே உரிமையை ஏற்பதாகும். மறுக்கும் வாய்ப்பு மலங்கிக்கு ஒருபோதும் அளிக்கப்படவில்லை. 1984 இல் நாணயக்குற்றி அத்தாளின் இடத்தைப் பெறத் தொடங்கும்வரை, அவர் மூதாதையின் ஈமச்சடங்கு கடைத்தெருவிற் கைமாறிக்கொண்டேயிருந்தது.

இனி, ‘பொதுச்சொத்து’ என்னும் வாதத்தை நோக்குவோர், குலத்துக்கு உரியதென்பது உரியவர் அற்றதென்று பொருள்படாமையை உணர்தல் வேண்டும். மலங்கியின் ஓவியம் கைமாறிய அதே 1963 இல், ஆர்ன்ஹெம் லாண்டின் கிழக்கே கோவ் தீபகற்பத்தில், போக்சைற்று அகழ்வதற்காகத் தம் நிலம் தம்மைக் கேளாமலே ஒதுக்கப்பட்டதை யிர்க்கலா மக்கள் எதிர்த்தனர். தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சிட்ட விண்ணப்பங்களை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தம் குல வரைவுகளைத் தீட்டி, ஓகஸ்ட் மாதத்திற் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவ்வரைவுகள் அழகுக்காகச் சேர்க்கப்பட்ட ஓரச் சித்திரங்களல்ல. அவை அம்மக்களின் நிலவுறுதிகள். எந்த வரைவு எந்தக் குலத்துக்கும் எந்த நிலத்துக்கும் உரியதென அவர்கள் துல்லியமாக அறிவர். நீதிமன்றம் 1971 இல் அவர்களின் நிலவுரிமை வழக்கை நிராகரித்தது. ஆயின் பட்டை ஓவியம் யாதென்பதை அவர்கள் ஐயத்துக்கிடமின்றி உலகுக்கு உணர்த்திவிட்டனர். அத்தகைய உறுதியிலிருந்து உரியவர் பெயரை அகற்றுவது எளிய கவனக்குறைவாகாது. நிலத்தைப் பறித்தவரின் வேலையையே அது வேறோரிடத்திற் செய்து முடிக்கின்றது.

நூதனசாலைகள் இல்லையேல் இவ்வோவியங்கள் பல அழிந்திருக்கும் என்பது மெய்யே. மரப்பட்டை எளிதில் வெடிப்பது, வளைவது. ஆயின் காத்தவன் காவலனேயன்றி உடையவன் ஆகான். காவலன் தன் கடமையைச் செம்மையாகச் செய்யுமிடத்து விளைவது யாதென்பதற்கும் சான்றுண்டு. 1996 இல் தம் புனித இடமொன்றில் அத்துமீறி மீன்பிடித்தோர் விட்டுச்சென்ற முதலைத்தலையைக் கண்டு யொல்ங்கு மக்கள் கொதித்தனர். 47 ஓவியர் தம் கடலுரிமையை நிலைநாட்டும்பொருட்டு 80 பட்டை ஓவியங்களைத் தீட்டினர். சிட்னியிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியக் கடல்சார் நூதனசாலை அவற்றை வாங்கிப் பேணியது. அங்கே ஓவியருக்குப் பெயருண்டு. ஓவியத்துக்குக் குலமும் இடமும் உண்டு. 2008 இல், ஆதிக்குடி நிலத்தின்மேல் ஏறி வற்றும் கடல்நீரில் மீன்பிடிக்க நுழைவோர் அனுமதிப்பத்திரம் உடையவராயினும் நிலத்துக்குரியோரின் இசைவைப் பெறவேண்டும் என அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆதலின் நூதனசாலைகளிடம் வேண்டப்படுவது இரக்கமன்று. ஓவியரின் பெயர், குலம், நிலம் ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஓவியத்தோடும் எழுதப்படல் வேண்டும். தெரியாதவிடத்து அக்குலத்தாரிடம் சென்று கேட்டறிதல் வேண்டும். நிழற்படம் எடுப்பதற்கும் அச்சிடுவதற்கும் உரியோரின் இசைவு முன்னதாகவே பெறப்படல் வேண்டும். அவர்கள் மறுப்பின் அம்மறுப்பும் மதிக்கப்படல் வேண்டும். மலங்கி 1999 இல் மறைந்தார். கடலில் வலை வீசுபவன் கேட்டே நுழையவேண்டும் என்றால், ஓவியத்தை எடுப்பவனுக்கு மட்டும் விலக்களிக்க எந்த நியாயமும் இல்லை.