வீடு கிடைத்ததே பெரிது என்று இருந்துவிடாதீர்கள்

சென்னையில் நான் குடியிருந்த முதல் வீட்டுக்கு வாடகை 6,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, 60,000. அம்மா தோட்டை அடகு வைத்துத் தந்த பணமும் அதில் உண்டு. எட்டாவது மாதம் சுவரில் அம்பேத்கர் படம் மாட்டினேன். அடுத்த வாரமே, "பையன் வர்றான், வீடு வேணும்" என்றார் வீட்டுக்காரர். காலி செய்த அன்று கைக்கு வந்தது 41,000. பெயின்ட், பைப், ஆணி அடித்த சுவர் என்று மீதிக்குக் கணக்குச் சொன்னார்.

சண்டை போட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கேட்கவே பயந்திருந்தேன். "சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்ற கேள்விகளுக்குத் தப்பித்து வீடு பிடித்தவன், ரசீது கேட்டு இன்னொரு கேள்வியை வரவழைப்பானா? சாதியை மறைத்துக் குடியேறுகிறவர் வாயையும் மூடிக்கொண்டுதான் குடியேற வேண்டியிருக்கிறது. என் 19,000 ரூபாய் அந்த முதல் நாளிலேயே போய்விட்டது.

தோழர்களே, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும்.

எனவே அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்புங்கள். தொகையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பணம் வராவிட்டால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

இதெல்லாம் வீடு கிடைத்த பிறகு. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. வீடு மறுக்கப்படும் என்ற பயம் இருக்கும்வரை ரசீது கேட்க நா எழாது. அந்த வரியைச் சட்டத்தில் எழுத வைப்பதும் அட்வான்ஸை மீட்கும் போராட்டம்தான். அதுவரை, ரசீதைக் கேளுங்கள். அது தயவு அல்ல, நம் காசுக்கான கணக்கு.