பொங்கற்பானை பாவமாம்! ஜாதி வழக்கமாம்!

தற்காலக் கலாசாரத்தைக் குறித்துச் சுவிசேஷப் போதகர் பலர் ஓயாது பிரசங்கம் புரிகின்றனர். கள் தீது, சூது தீது, சினிமா தீது, பொங்கற்பானை விக்கிரக ஆராதனை, நெற்றிப்பொட்டு அஞ்ஞானம். உலக வழக்கம் ஒவ்வொன்றையும் வேதமென்னும் துலாக்கோலில் நிறுத்துப் பார்த்தே கொள்ளல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. கள்ளும் சூதும் எத்தனை தோட்டக் குடும்பங்களைச் சீரழித்தன என்பதைக் கண்ட நாம், அவ்விஷயத்தில் அவர்களோடு வழக்காட வரவில்லை. வழக்கங்களை ஆராய்ந்து தள்ளுவது சீர்திருத்தக்காரருக்கும் உடன்பாடானதே.

ஆயின் நாம் கேட்பது ஒன்றுண்டு. அத்துலாக்கோலில் ஜாதியை ஏன் வைப்பதில்லை? பொட்டையும் பூவையும் நிறுக்கும் கை, மணமகள் தேடும்பொழுது மட்டும் தளர்ந்துவிடுவது ஏன்? கிறிஸ்தவ மண விளம்பரங்களைப் பாருங்கள். சபையின் பெயரோடு ஜாதியின் பெயரும் கூசாமல் நிற்கின்றது. ஞானஸ்நானத்தில் பழைய மனிதன் இறந்துவிட்டான் என்று போதிக்கின்றார்கள். அவன் ஜாதி மட்டும் நீரில் நனையாமற் கரையேறியது எங்ஙனம்?

இது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின் எழுந்த சபைகளில், ஜாதிக்கொரு புறமாக அமரும் வழக்கம் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. அதனை நேருக்கு நேர் எதிர்த்தவர் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன். அவர் சுவிசேஷக் கட்சியைச் சேர்ந்தவர். 1833இல், சபைக்குள் ஜாதி அடியோடு ஒழியவேண்டுமென்று சுற்றுக்கடிதம் விடுத்தார். விளைந்தது என்ன? தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஆலயத்தைவிட்டு வெளியேறினர். ஜாதியைத் துறப்பதினும் சபையைத் துறப்பது அவர்களுக்கு எளிதாயிற்று! புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே ஜாதி வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார்.

1850இல் சென்னை மிஷனெரிகள் கூடி ஜாதியைக் கண்டித்துத் தீர்மானித்தபொழுது லீப்சிக் லூத்தரன் மிஷன் உடன்படவில்லை. அதன் தலைவர் கார்ல் கிரால், ஜாதியைச் சமய சம்பந்தமற்ற குடிமை ஏற்பாடாகக் கருதினார். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த பேரறிஞர் அவர். இவ்விடத்தில் மட்டும் வள்ளுவர் குரல் அவர் செவியில் ஏறவில்லை போலும்!

இந்த வாதத்தைத்தான் இன்றும் கேட்கின்றோம்: "ஜாதி சமூக வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை." நன்று! அங்ஙனமாயின், உழவன் புத்தரிசியிட்டுப் பொங்குவதும் சமூக வழக்கமன்றோ? பூச்சூடுவதும் அதுவேயன்றோ? விடத் துணிந்ததற்கு அஞ்ஞானம் என்று பெயர். விட மனமில்லாததற்குச் சமூக வழக்கம் என்று பெயர்! துலாக்கோல் நல்லதே, பிடித்த கைதான் நடுங்குகின்றது.

"சுவிசேஷம் ஆத்துமாவுக்குரியது, சமூகச் சீர்திருத்தம் எங்கள் வேலையன்று" என்பாரும் உளர். இவர்கள் தம் சரித்திரத்தையே அறியார். சுவிசேஷ பக்தியினால் உந்தப்பட்ட வில்பர்போர்ஸும் அவர்தம் தோழரும் போராடியதனாலன்றோ 1807இல் பிரிட்டிஷ் அடிமை வியாபாரம் சட்டத்தால் தடுக்கப்பட்டது? அடிமை ஒழிப்புச் சட்டம் பிறந்ததும், வில்சனின் கடிதம் எழுந்ததும் அதே 1833ஆம் ஆண்டுதான். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபம், இனத்தாலும் அடிமை ஆண்டான் நிலையாலும் வரும் வேற்றுமை கிறிஸ்துவுக்குள் இல்லை என்கின்றது. அதனை மெய்யென்று நம்பினோர் உலகை அசைத்தனர். மனப்பாடம் மட்டும் செய்தோர் தம் இல்லத்தையும் அசைத்திலர்.

"இந்துக்களிடம் ஜாதி இல்லையோ? எங்களை மட்டும் ஏன் தாக்குகின்றீர்?" எனலாம். கோயில்களின் ஜாதிக்கொடுமையைச் சீர்திருத்தக்காரர் சாடாத நாளுண்டா? மலாயாவுக்கு ஆள்கட்டிய கங்காணி, தன் ஊரிலும் தன் இனத்திலும் திரட்டியதனால் ஜாதியும் கூடவே கப்பலேறியது. கங்காணி முறை 1938இல் நின்றது; அவனோடு வந்தது நிற்கவில்லை. அது எல்லாச் சமயத்தார் வீட்டிலும் குடியிருக்கின்றது. ஆயினும், எல்லோரிலும் உயர்ந்த நியாயப்பிரமாணம் தம்மிடமுண்டு என்று பறைசாற்றுவோர், அந்தப் பிரமாணத்தாலேயே அளக்கப்படுதல் முறையன்றோ?

ஜாதியை உதறிக் கலந்து மணந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அவர்களை நாம் வணங்குகின்றோம். அவர்களைப் பிரசங்க பீடத்திலேற்றிச் சாட்சி சொல்லச் செய்யுங்கள். மணம் முடிக்க வருவோரிடம் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்கும் போதகர், "ஜாதி பார்த்தா இம்மணம் பேசினீர்?" என்றும் கேட்கட்டும். பொங்கலைக் கண்டித்த ஞாயிறுகளில் ஒரு பாதியேனும் ஜாதியைக் கண்டிக்கட்டும்.

அன்று, கலாசாரத்தைத் திருத்த அவர்களுக்கு உரிமையுண்டென்று முதலில் ஒப்புபவர் நாமாக இருப்போம். அதுவரை, பொங்கற்பானையைச் சற்றே சும்மா விடுங்கள். அதில் எல்லா ஜாதி அரிசியும் ஒன்றாகத்தான் வேகின்றது!