மென்மையான உணவும் மெலிந்த உணவும்

தாடை எலும்பில் டைட்டேனியம் திருகைப் பதித்து அதன்மேல் பல் கட்டிக்கொள்ளும் இம்ப்ளான்ட் சிகிச்சை இன்று நம் ஊர்களில் அரிதான செய்தியன்று. எங்கள் வட்டத்திலேயே மூவர் செய்துகொண்டுவிட்டனர். நாவலைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் தாடையைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. செலவு, வலி, மருத்துவரின் கைராசி எல்லாம் அலசப்படுகின்றன. சிகிச்சைக்குப் பின் என்ன சாப்பிடுவது என்று கேட்டால் மட்டும் ஒரே சொல்லில் விடை வருகிறது: கஞ்சி. அந்த விடையோடுதான் நாம் மாறுபடுகிறோம்.

1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பதித்துக் குருதியோட்டத்தைக் கவனித்துவந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டுவிட்டது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் திருகுகளைப் பதித்தார். ஆக, திருகை நிலைநிறுத்துவது பசையோ சிமெண்டோ அன்று; புதிதாக வளர்ந்து அதைப் பற்றும் உயிருள்ள எலும்பு. அந்த வேலைக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. கட்டட வேலை நடக்கும் இடத்துக்குச் செங்கல் அனுப்பாமல் வெறும் தண்ணீரை அனுப்பினால் என்ன ஆகும்?

மென்மையான உணவு உண்ணுமாறு மருத்துவர் சொல்வது வயிற்றைக் கருதியன்று. புதிய திருகு மெல்லும் அழுத்தத்தால் ஒரு மயிரிழையின் பருமனைச் சற்றே மிஞ்சி அசைந்தாலும், எலும்பு வளரவேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்துவிடக்கூடும். அசைக்காதே என்பதுதான் அறிவுரையின் பொருள். நம் வீடுகளிலோ ‘மென்மை’ என்றதும் காய்ச்சல்காரனின் பத்தியம் நினைவுக்கு வந்துவிடுகிறது. காய்ச்சலில் செரிமானம் மந்தம், கஞ்சி பொருந்தும். இங்கே வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, பசியும் எடுக்கிறது. பசித்த உடம்புக்குப் பத்தியம் போடுவது என்ன நியாயம்?

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதமேனும் வேண்டும். 30 கிராம் அரிசியிட்ட ஒரு கிண்ணக் கஞ்சியில் மூன்று கிராம்கூடத் தேறாது. எங்கள் நண்பர் ஒருவர், எழுபதை நெருங்குபவர், நீரிழிவும் உடையவர், மூன்று வாரம் அரிசிக்கஞ்சியிலும் பழச்சாற்றிலும் காலம் தள்ளினார். சர்க்கரை ஏறியது, உடல் இளைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லையெனில் புண் ஆறுவது தாமதமாகும் என்பதை அவரும் அறிவார். ஆனால் மருத்துவமனை தந்த அச்சிட்ட தாளில் ஐஸ்கிரீமும் உருளைக்கிழங்கு மசியலும் இருந்தனவேயன்றிப் பருப்பு என்ற சொல் இல்லை. எந்த நாட்டுச் சமையலறைக்கு எழுதிய தாளோ!

நம் சமையலறையிலோ மத்து என்று ஒன்று இருக்கிறது. கடைந்த பருப்பும் கடைந்த கீரையும் பல்லில்லாதவர்களுக்காக ஏற்பட்டவையல்ல. பல்லுள்ளவர்களும் விரும்பி உண்பவை. பாசிப்பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம். அதை அரிசியோடு சரிபாதியாகக் குழைய வேகவைத்து, மிளகை முழுதாகப் போடாமல் நெய் விட்டால் வெண்பொங்கல். தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், ஆப்பத்தின் நடுப்பகுதி (மொறுமொறு ஓரம் பேரனுக்கு), ஆறிய கேழ்வரகுக் கூழில் கெட்டித் தயிர், முள் நீக்கி உதிர்த்துச் சாற்றில் குழைத்த மீன், பாலில் அடித்துக் கிளறிய முட்டை, பழுத்த பப்பாளி என்று பட்டியல் நீளும். கொய்யாவும் நல்ல பழந்தான். அதன் விதைதான் பகை. கடுகு, எள், தக்காளி விதை, ரவை எல்லாம் தையலிடுக்கில் போய் உட்காரும். ஆகவே தாளிப்பைத் துறக்க வேண்டும். தென்னிந்திய நாவுக்கு இதுவே பெரிய துறவு. இரண்டு வாரம் பொறுக்கலாம்.

முதல் நாள் சூடு ஆகாது. உறிஞ்சுகுழலும் ஆகாது, உறிஞ்சும் விசையில் குருதிக்கட்டு பெயர்ந்துவிடும். மோரை டம்ளரிலிருந்து மெல்லப் பருகலாம். புகை, வெற்றிலை, காரம் பற்றி மருத்துவரே கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை அவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

‘கஞ்சி போதும்’ என்று முதியவர்கள் சொல்வதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. தமக்கென்று தனியாக ஒன்றைச் சமைக்கச் சொல்லக் கூசுகிறார்கள். மருமகளுக்கு ஏன் சிரமம் என்கிறார்கள். பல் கட்ட ஆயிரக்கணக்கில் செலவழித்த பிள்ளைகள், அப்பா மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்பதில்லை. தனித்து வாழ்பவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குத் தெருமுனை மெஸ் இருக்கிறது: இரண்டு இட்லி வாங்கி, காரமில்லாத பருப்பில் ஊறவைத்துப் பிசைந்து, குழைய வெந்த ஒரு முட்டையையும் மசித்துச் சேர்த்துக்கொண்டால் அன்றைய இரவு உணவு ஆயிற்று. தாளித்த கடுகை மட்டும் கரண்டியால் ஒதுக்கித் தரச் சொல்ல வேண்டும்.