லாட் என்றொரு சொல்

"எ லாட் ஆஃப்" என்றால் "நிறைய" என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். போடிநாயக்கனூரில் ஏலக்காய் விளைவிக்கும் வீடாயின், "நம் லாட் என்ன விலைக்குப் போயிற்று?" என்ற பேச்சும் அவர்கள் காதில் விழும். இரண்டும் ஒரே சொல்தான்.

பங்கு பிரிக்கக் குலுக்கிப் போட்ட மரத்துண்டு போன்ற பொருளுக்கே பழைய ஆங்கிலத்தில் இப்பெயர். உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலையும், யூனுஸ் நபி (அலை) அவர்கள் சென்ற கப்பலில் போடப்பட்ட சீட்டும் இவ்வகையினவே. சீட்டில் விழுந்த பங்கு லாட். அப்படி வாய்த்த நிலம் லாட். வாய்த்த விதியும் லாட். பங்காகப் பிரித்த சரக்குக் குவியலுக்கும் அதுவே பெயராகி, குவியலிலிருந்து "நிறைய" என்ற பொருள் கிளைத்தது. (லூத் நபி (அலை) அவர்களின் பெயரை ஆங்கிலேயர் இதே எழுத்துகளால் எழுதுவர், அதன் வேர் வேறு.) லாட்டரியும் இக்குடும்பமே. தமிழகத்தில் 2003இல் அது தடை செய்யப்பட்டது. போடிமெட்டைத் தாண்டினாலோ கேரள அரசே விற்கிறது. மலைத்தோட்டத்துக் கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும் வீடுகளும் உண்டு.

நம் ஊரில் காயும் ஏலம், விற்பனையும் ஏலம். விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசியர் வழி வந்தது என்றும், அதற்கும் மூலம் "அறிவித்தல்" எனப் பொருள்படும் இஃலாம் என்ற அரபுச் சொல் என்றும் சொல்லாய்வாளர் கூறுவர். 2007இல் நறுமணப் பொருள் வாரியம் கணினிவழி ஏலத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விவசாயியின் காயும் ஓர் எண்ணுள்ள லாட். வியாபாரி பார்ப்பது முழு மூட்டையையன்று, கையளவு மாதிரியை மட்டுமே. நிறம், பருமன், காய்ச்சல் ஆகியவற்றை அதில் கண்டு விலை கேட்கிறார். ஓராண்டு மழையும், அழுகல் நோயும், பறிப்புக் கூலியும், உலர்த்திய செலவும் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

"எல்லாம் லாட்டரிதான்" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே யாரும் சீட்டுக் குலுக்கவில்லை. மாதிரியும் மூட்டையும் ஒன்றுதானா என்பதே கேள்வி. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட, விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என வினவினார்கள் நாயகம். அறிவிப்பில் அக்குவியலுக்கு வரும் அரபுச் சொல் ஸுப்ரா. ஏல மையத்து மொழியில் பெயர்த்தால் லாட்.

போடியில் "மேலே வைப்பது" எளிதே: எட்டு மில்லிமீட்டர்க் காயைச் சலித்துத் தனி லாட்டாகவும், வெடித்த காயை வேறொரு லாட்டாகவும் பதிவு செய்துவிடலாம்.