மூணு கார்டு பாட்டுதானே!

ஹாஸ்டலில் ஒருத்தன் புதுசா கிட்டார் வாங்கி வந்தால் போதும், மூன்றாவது நாளே ஒரு விமர்சகர் அறைக்குள் எட்டிப் பார்ப்பார். இவன் பாவம், ஜி-யில் இருந்து டி-க்கு விரலை நகர்த்தவே திணறிக்கொண்டிருப்பான். விமர்சகர் கதவில் சாய்ந்தபடி, "அட, மூணு கார்டு பாட்டுதானே? இதெல்லாம் ஒரு வாசிப்பா?" என்பார். அப்புறம் கிட்டாரை வாங்கி 'இளைய நிலா'வின் ஆரம்பத்தை ஒரு பதினைந்து விநாடி வாசித்துக் காட்டுவார் (அதற்கு மேல் அவருக்கும் வராது, அது வேறு விஷயம்). கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்த மாதம் அந்தக் கிட்டார் பீரோ மேல் தூசி வாங்கிக்கொண்டிருக்கும்.

இந்த 'தானே' இருக்கிறதே, அதைத்தான் கொஞ்சம் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பாட்டு எது? பெரும்பாலும் பாப் டிலனின் 'நாக்கின் ஆன் ஹெவன்ஸ் டோர்'. 1973-ல் ஒரு கௌபாய் படத்துக்காக வந்தது. ஜி, டி, ஏ மைனர். மறுபடி ஜி, டி, சி. இதே சுற்று கடைசி வரைக்கும். எண்ணிப் பார்த்தால் நாலு கார்டு வருகிறது! 'மூணு கார்டு' என்று உதட்டைப் பிதுக்குகிறவர் எண்ணிக்கூடப் பார்த்ததில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதே பாட்டை 1975-ல் எரிக் கிளாப்டன் ரெகே தாளத்தில் பாடினார். 1991-ல் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழு ஸ்டேடியம் அதிரும் ராக் பாட்டாக மாற்றியது. கார்டு வரிசையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அடுத்தடுத்துக் கேட்டால் மூன்றும் மூன்று பாட்டு. அப்படியென்றால் பாட்டு கார்டு எண்ணிக்கையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. எங்கே? முக்கால்வாசி வலது கையில்.

கொஞ்சம் கணக்கு போடலாம். நிமிடத்துக்கு 70 தட்டு என்று வைத்துக்கொண்டால், ஜி-க்குக் கிடைப்பது இரண்டு தட்டு. அதாவது சுமார் 1.7 விநாடி. அதற்குள் விரல்கள் டி-க்குப் போய் உட்கார வேண்டும். டி-யில் மேலே உள்ள இரண்டு தடித்த கம்பிகளில் கை படக்கூடாது, பட்டால் 'டொய்ங்' என்று ஊரைக் கூட்டும். அடுத்து ஏ மைனர், அதில் ஒரு கம்பியை மட்டும் விட வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது வலது கை கடிகாரப் பெண்டுலம் மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கணும். இடது கை தப்பினாலும் வலது கை நிற்கக்கூடாது. கூடவே வாயால் பாட வேறு வேண்டும்! 'தானே'வாம்...

இதற்குப் பயிற்சி இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. மோதிர விரலை இரண்டாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் சுண்டு விரலை முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் வைத்து ஜி பிடித்தால், டி-க்குப் போகும்போது மோதிர விரலை எடுக்கவே வேண்டாம். மற்ற விரல்கள் அதைச் சுற்றி இடம் மாறினால் போதும். ஜி, டி, ஜி, டி என்று ஒரு நிமிடம் மாற்றி, சுத்தமாக விழுந்ததை மட்டும் எண்ணுவது. நாளைக்கு ஒன்றிரண்டு கூடினால் நல்லது. பிறகு மெட்ரோனோமை 60-ல் வைத்து முழுப் பாட்டையும் நிறுத்தாமல் வாசிப்பது, தப்பு விழுந்தாலும் திரும்பிப் பார்க்காமல்.

கர்நாடக சங்கீதம் கற்கிற பிள்ளை மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் மாதக்கணக்கில் பாடுகிறது. "ஏழு ஸ்வரம்தானே" என்று யாராவது கேலி செய்கிறார்களா? மோகனத்தில் ஐந்தே ஸ்வரம்தான். அதைச் சொல்லி மோகனத்தை மட்டம் தட்டினால் சபாவில் அடிக்க வந்துவிடுவார்கள். கிட்டார் என்றதும் மட்டும் எண்ணிக்கை பெரிய குற்றமாகிவிடுகிறது. 'லெட் இட் பீ' (1970), 'நோ வுமன் நோ க்ரை' (1974) இரண்டுக்கும் அடிப்படை சி, ஜி, ஏ மைனர், எஃப் தான். ஒன்றைக் கேட்டு இன்னொன்று என்று ஏமாந்தவர் உண்டா?

கேபோ போட்டால் 'ஏமாற்று வேலை' என்று இன்னொரு கூட்டம். ஜார்ஜ் ஹாரிசன் 1969-ல் 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டை ஏழாம் ஃப்ரெட்டில் கேபோ மாட்டித்தான் வாசித்தார். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்.

எதிர்ப்பக்கத்து ஆசாமிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'நாலு கார்டு, நூறு பாட்டு, ஏழே நாள்' என்று கூவி விற்பவர்கள். நூறு பாட்டின் முதல் எட்டு வரியைத் தெரிந்துகொண்டவன் ஒரு பாட்டையும் முடிக்க மாட்டான். விமர்சகரும் இவர்களும் நம்புவது ஒன்றையேதான்: கார்டு வடிவம் தெரிந்தால் வேலை முடிந்தது என்று. ஒருவர் அதைச் சொல்லிக் கேலி செய்கிறார், இன்னொருவர் அதைச் சொல்லிக் காசு பார்க்கிறார்.

'இளைய நிலா' வாசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாக வாசிக்கட்டும். 1982-ல் வந்து இன்னும் கிட்டார் பிடித்தவனின் தூக்கத்தைக் கெடுக்கிற வாசிப்பு அது. ஆனால் அதற்கும் இடது கை நேரத்துக்கு இடம் மாறணும், வலது கை காலம் தப்பாமல் இருக்கணும். அந்த இரண்டும் வராதவருக்குத்தான் பதினைந்தாவது விநாடியில் பாட்டு நின்றுபோகிறது.

ஃபேர்வெல் ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு வந்து பாருங்கள். "யாராவது வாசிங்கடா" என்று குரல் வரும். விமர்சகர் தன் பதினைந்து விநாடியை வாசித்து, "ஸ்ட்ரிங் சரியில்லை மச்சி" என்று கிட்டாரைத் திருப்பிக் கொடுப்பார். அதை வாங்கி, பீரோ மேல் ஏற்றாமல் தப்பித்த எவனோ ஒருத்தன் ஜி-யில் ஆரம்பிப்பான். இரண்டாவது சுற்றுக்குள் மாடி முழுக்கப் பாடும். விமர்சகரும் கூடவே கைதட்டுவார், அரைத் தட்டு பிந்தி.