பள்ளத்தாக்கைச் சுமக்கும் பெயர்

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களுள் சில, கேட்ட மாத்திரத்திலேயே சிரிப்பை வரவழைப்பவை. சைட்பொட்டம், றாம்ஸ்பொட்டம், வின்ரர்பொட்டம், ஷஃபிள்பொட்டம் என்பன அத்தகையவை. 'பொட்டம்' என்ற சொல் இன்று மனிதரின் பிட்டத்தையும் குறிப்பதால் வந்த வினை இது.

ஆனால், இப்பெயர்கள் பிறந்த காலத்தில் அச்சொல்லுக்கு அந்தப் பொருளே இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது பள்ளத்தாக்கின் தாழ்ந்த நிலத்தைக் குறித்தது. லங்காஷயர், செஷயர், யோர்க்ஷயர் ஆகிய பகுதிகள் குன்றுகளும் பள்ளங்களும் நிறைந்தவை. ஒருவன் எந்தப் பள்ளத்தில் குடியிருந்தானோ அதுவே அவனுக்கு அடையாளமாயிற்று. பின்னர் அவன் சந்ததியின் பெயராகவும் நிலைத்தது.

சைட்பொட்டம் என்றால் அகன்ற பள்ளத்தாக்கு. வின்ரர்பொட்டம், குளிர்காலத்தில் கால்நடைகளை மேய்த்த பள்ளம். ஷஃபிள்பொட்டம், லங்காஷயரின் பெரி நகரை அண்டிய ஓர் இடப்பெயரின் திரிபு. செம்மறியாடுகளுக்கான நீர்நிலை இருந்த பள்ளம் என்று அதற்குப் பொருள் கொள்வர். இர்வெல் ஆற்றங்கரையில் இன்றும் இருக்கும் றாம்ஸ்பொட்டம் நகரின் பெயருக்கு, காட்டுப்பூண்டு வளர்ந்த பள்ளம் என்றும், ஆட்டுக்கடாக்களின் பள்ளம் என்றும் இருவித விளக்கங்கள் உண்டு. நிலத்தை அறிந்த உழவரும் இடையரும் இட்ட பெயர்கள் இவை. இவற்றில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

கிரிக்கெட் ரசிகர்கள் நன்கறிந்த 'போத்தம்' என்ற பெயரும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். 1982 பெப்ரவரியில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியபோது, எதிரணியில் இயன் போத்தம் இருந்தார். 2007 இல் இங்கிலாந்து அணியுடன் இங்கு வந்த வேகப்பந்து வீச்சாளர் றையன் சைட்பொட்டம். ஒருவரின் பெயர் கம்பீரமாக ஒலித்தது. மற்றவரின் பெயர் கேலிக்குள்ளாயிற்று. இரண்டுக்கும் அடியில் இருப்பதோ ஒரே பள்ளத்தாக்கு.

'பொட்டம்' பிட்டத்தைக் குறிக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். குடும்பப் பெயர்களோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஆயினும், வெட்கத்தால் பெயரை மாற்றிக்கொண்டோர் உண்டு. இறுதி அசையை நீட்டி, 'சிடிபொட்டோம்' என உச்சரித்துச் சமாளிப்போரும் உண்டு. பாடசாலையில் கேலியை அனுபவித்த பிள்ளையின் வேதனையை நாம் அற்பமாகக் கருதலாகாது. ஆனால் பிழை பெயரிலன்று. பொருளறியாமல் சிரிப்பவரிடமே இருக்கிறது.

இது நமக்குப் புறம்பான விடயமுமன்று. தந்தையின் பெயரை முன்னே இட்டு வழங்கிய ஈழத்தமிழர், புலம்பெயர்ந்த நாடுகளில் அப்பெயரையே குடும்பப் பெயராக எழுதவேண்டியதாயிற்று. அது நீளமானது, வெள்ளையரின் வாயில் நுழையாதது என்று வெட்டிக் குறுக்குவோர் நம்மிலும் உளர். அவரவர் பெயர் அவரவர் உரிமை, அதில் ஐயமில்லை. எனினும், வெட்டுவதற்கு முன்னர் அதன் பொருளைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள். பொருள் தெரிந்த பெயரைச் சுமப்பது அத்தனை கடினமன்று.