அரசு அடைமொழி, உரிமையே தலை!

ஒரு சொல் சொல்லப் போகிறேன், தோழர்களே! நாக்கு சுளுக்கிக்கொண்டால் என்மீது வழக்குப் போடாதீர்கள். "ரீக்கிஸ்போர்கராரியெத்துர்!"

சரக்கு ரயில்போல் நீள்கிறதே, என்ன பொருள் என்கிறீர்களா? நமக்குத் தெரிந்ததுதான்: குடியுரிமை! வட அட்லாண்டிக் கடலில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்துத் தீவில் அதற்கு இதுதான் பெயர்.

பெட்டிகளைக் கழற்றிப் பார்ப்போம். ரீக்கி - அரசு. போர்கரி - குடிமகன். ரியெத்துர் - உரிமை. முதலிரண்டும் ஆறாம் வேற்றுமையில் நிற்கின்றன. அரசினது குடிமகனது உரிமை! அவர்கள் மொழியிலும் கூட்டுச்சொல்லில் கடைசியில் வருவதே தலை. வண்டிமாடு என்றால் மாடுதானே, வண்டியல்லவே! ஆக, மகுடம் சூடும் அரசு இங்கே வெறும் அடைமொழி, உரிமையே தலை. நம் சொல்லிலோ அரசு அடைமொழியாகக்கூட இல்லை - குடி, உரிமை, அவ்வளவுதான்!

நடுவில் நிற்கும் போர்கரி, வந்தேறி. 'போர்க்' என்றால் கோட்டை, நகர். அது அவர்கள் வீட்டுச் சொல். ஆனால் நகரத்துக் குடிமகனைக் குறிக்கும் போர்கரி, வட ஜெர்மானிய வணிகர் பேச்சிலிருந்து வந்தவன். வந்து இறங்கிய தீவில் நகரமேது? ரெய்க்யவிக்குக்கு வணிக நகர் என்னும் தகுதி கிடைத்ததே 1786இல்! ஆடு மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தவனுக்கு 'நகரத்தான்' என்று பட்டம்!

கணிப்பொறிக்குக்கூட, எண்ணையும் குறிசொல்லும் மாதையும் இணைத்துத் 'தொல்வா' எனச் சொந்தச் சொல் படைத்தவர்கள் அவர்கள். அயற்சொல்லைப் பெரும்பாலும் வாசலிலேயே மறிப்பவர்கள், இவனை உள்ளே விட்டார்கள். சொல்லுக்கே குடியுரிமை!

மன்னனுக்கு அடங்கியவனைக் குறிக்க அங்கே 'தெக்ன்' என்று வேறு சொல் உண்டு. 1918 டிசம்பர் 1இல் ஐஸ்லாந்து தனிநாடானபோதும் டென்மார்க் மன்னனே மன்னன். 1944 ஜூன் 17இல் குடியரசு மலர்ந்தது. அடங்கி நிற்க மன்னனில்லை, போர்கரி நின்றான்.

சொல் சோறு போடுமா என்று கேட்பவர் உண்டு. சிறைக்கதவைத் திறந்திருக்கிறது! 1972இல் ரெய்க்யவிக்கில் சதுரங்க உலகப் பட்டம் வென்ற பாபி ஃபிஷர், அமெரிக்கா கடவுச்சீட்டைச் செல்லாததாக்கியதால் 2004 ஜூலையில் ஜப்பானில் பிடிபட்டார். அவருடைய பேச்சுகளில் பல, காது கூசும் பேச்சுகள், அது வேறு. 2005 மார்ச் 21இல் ஐஸ்லாந்து நாடாளுமன்றமான ஆல்திங், சட்டமியற்றி இந்த நீளச் சொல்லை அவர் கையில் கொடுத்தது. வழங்கியது மன்றம்தான்; வழங்கிய பிறகு அது சலுகையல்ல, ரியெத்துர்! சில நாளில் ஜப்பான் அவரை விடுவித்தது. 2008 ஜனவரியில் ரெய்க்யவிக்கில் இறந்தார், போர்கரியாக.